ஐந்து சட்டை போட்டு வந்த குழந்தை

என் மகளைத் தத்தெடுத்துக் கூட்டிவர நாங்கள் சீனாவுக்குப் போனது 2005 மார்ச்சில். அப்போது அவளுக்குப் பத்து மாதம். இப்போது காலேஜ் முடிக்கப் போகிறாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. கேட்டவர்கள் எல்லாரும் "ஏன் சீனா? நம்ம நாட்டில் குழந்தையே இல்லையா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருந்தது அமெரிக்காவில். அடுத்து என்ன நடக்கும், எத்தனை மாதம் ஆகும் என்று அந்தச் சமயத்தில் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது சீனாவுக்குத்தான். 2005-இல் மட்டும் ஏறக்குறைய 7,900 குழந்தைகள் அங்கிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை இறங்கிவிட்டது, அந்த உயரத்தை மறுபடி தொடவே இல்லை. வந்தவர்களில் பெரும்பாலும் பெண் குழந்தைகள். ஒரு குழந்தைதான் என்ற சட்டமும், அந்த ஒன்று ஆணாக இருக்கட்டும் என்ற ஆசையும் சேர்ந்து செய்த வேலை அது.

காகித வேலையைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் போரடிக்கும். கல்யாணச் சான்றிதழ், சம்பளக் கடிதம், மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, எல்லாவற்றுக்கும் முதலில் நோட்டரி, அதன்மேல் மாநில அரசின் முத்திரை, அதற்கும் மேல் சீனத் தூதரகத்தின் முத்திரை. எங்கள் கல்யாணச் சான்றிதழ் இந்தியாவில் வாங்கியது என்பதால் அது தனியாக டெல்லி வரைக்கும் போய் வந்தது. அமெரிக்கக் குடியேற்றத் துறை எடுத்த கைரேகைக்கு ஆயுள் 15 மாதம். அதற்குள் என் விரல் மாறிவிடுமா என்ன? இருந்தாலும் மறுபடி போய் வைத்துவிட்டு வந்தேன்.

சாங்ஷா, ஹூனான் மாநிலத்தின் தலைநகர். நாங்கள் போன வாரம் முழுக்கத் தூறல், எலும்புக்குள் போகும் குளிர். திங்கட்கிழமை பிற்பகல் அரசு அலுவலகம் ஒன்றின் மாடியில் பதினோரு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தோம். எல்லார் கையிலும் கேமரா. குழந்தைகளைப் பெண்கள் தூக்கிக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். வழிகாட்டி பெயர் படிக்கப் படிக்க ஒவ்வொரு குழந்தையாகக் கை மாறியது. நாங்கள் ஏழாவது.

அந்த நிமிஷத்துக்காக ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். அழுவேன் என்று நினைத்தேன். அழுதது அவள். சும்மா அழுகை இல்லை, உடம்பையே வில் மாதிரி பின்னால் வளைத்து, தூக்கி வந்த பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் கத்தினாள். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும், கன்னம் குளிரில் வெடித்திருந்தது. குழந்தையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். ஏதோ சொன்னார். பிறகு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். திரும்பியே பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் வெளித் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார் என்று என் கணவர் ராத்திரிதான் சொன்னார்.

காப்பகத்தில் குழந்தை வளர்க்கும் பெண்களைச் சீனத்தில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? "ஆயி". அவர்கள் மொழியில் சித்தி, அத்தை மாதிரி ஒரு சொல். வழிகாட்டி "ஆயி, ஆயி" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றது. எங்கள் பாட்டி அவருடைய அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

ஓட்டல் அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினோம். ஒன்று, இரண்டு, மூன்று... மொத்தம் ஐந்து. மேலே பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு. அதற்குள் கையால் பின்னிய ஸ்வெட்டர், அதற்கு வேறு வேறு நிறத்தில் பொத்தான்கள். அதற்குள் இன்னும் மூன்று. உரிக்க உரிக்கக் குழந்தை சின்னதாகிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு கைப்பிடி. கோட்டில் வாந்தி எடுத்திருந்ததால் அதை உடனே சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டேன். மற்றவற்றையும் ஊறவைக்கப் போனபோது பக்கத்து அறைக்காரர் வந்து தடுத்தார். இரண்டாவது குழந்தைக்காக வந்திருந்தவர், விவரம் தெரிந்தவர். "துவைக்காதே. அவளுக்குத் தெரிந்த வாசனை இந்த அறையிலேயே அது ஒன்றுதான்" என்றார். அன்று ராத்திரி அந்த ஸ்வெட்டரை அவள் தலைமாட்டில் வைத்தோம். முகத்தை அதில் புதைத்துக்கொண்டு தூங்கினாள். புதுசு புதுசாக நாங்கள் வாங்கிப் போயிருந்த எதையும் அவள் தொடவில்லை.

தத்தெடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நமக்கு அது குழந்தை கிடைத்த நாள். அவளுக்கு அன்று காலையில் இருந்த முகம், குரல், கட்டில், பால் எல்லாமே ஒரே பிற்பகலில் போய்விட்ட நாள். கிளம்பும் முன் ஒருவரும் இதை எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஆயியை இரண்டு நிமிஷம் நிறுத்தி, எப்படித் தூங்க வைப்பீர்கள், பால் எவ்வளவு சூடாகக் கொடுப்பீர்கள் என்று கேட்டிருப்பேன். பால் விஷயத்தில் இரண்டு நாள் திண்டாடினோம். காப்பகங்களில் சீக்கிரம் குடித்து முடிக்கட்டும் என்று நிப்பிளின் துளையைப் பெரிதாக வெட்டிவிடுவார்களாம். எங்கள் புட்டியில் ஊசித்துளை. உறிஞ்சத் தெரியாமல் கோபத்தில் தட்டிவிட்டாள். நகவெட்டியால் துளையைப் பெரிதாக்கியதும் ஒரே மூச்சில் காலி.

மறுநாள் பதிவு. அவள் பாதத்தில் சிவப்பு மையைத் தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார்கள், எங்கள் கட்டைவிரலையும் பக்கத்திலேயே. இவளைக் கைவிட மாட்டீர்களே, துன்புறுத்த மாட்டீர்களே என்று ஓர் அதிகாரி கேட்டார். காப்பகத்துக்கான 3,000 டாலரைப் புத்தம்புது நூறு டாலர் நோட்டுகளாகக் கொடுக்க வேண்டியிருந்தது, ஒரு மடிப்பு இருந்தாலும் வாங்க மாட்டோம் என்றார்கள். இடுப்பில் கட்டிய பையில் அந்த நோட்டுகள் கசங்கிவிடுமோ என்று நான் பத்து நாள் குனியவே இல்லை.

பாஸ்போர்ட் வரும்வரை ஊர் சுற்றினோம். தெருவில் இறங்கினால் கிழவிகள் விடமாட்டார்கள். கறுத்த முகத்தோடு ஒருத்தி சீனக் குழந்தையை வைத்திருக்கிறாளே என்று பார்ப்பார்கள் என நினைத்தேன். அதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. நேராக வந்து பேன்ட்டை விலக்கிக் குழந்தையின் கணுக்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் போச்சு, நடுத்தெருவில் எனக்கு அர்ச்சனைதான். நான் மூன்று சட்டைதான் போட்டிருந்தேன். ஒருவர் தன் கழுத்துத் துண்டையே அவிழ்த்துச் சுற்றிவிட்டுப் போனார்.

அப்புறம் குவாங்சோ. அமெரிக்கத் துணைத்தூதரகம் அப்போது ஷாமியன் தீவில் இருந்தது. பக்கத்திலேயே ஒயிட் ஸ்வான் ஓட்டல். காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினால் மேசைக்கு மேசை எங்களைப் போலவே ஒரு குடும்பம். மருத்துவப் பரிசோதனை, விசா, வலது கையைத் தூக்கி உறுதிமொழி. கடைசியில் கையில் ஒரு பழுப்பு உறை, ஒட்டி முத்திரையிட்டது. யார் கேட்டாலும் பிரிக்கக் கூடாது, அமெரிக்காவில் இறங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். நாங்கள் இருவருமே தத்துக்கு முன் குழந்தையை நேரில் பார்த்திருந்ததால் ஐஆர்-3 விசா. 2000-இல் வந்த குழந்தைக் குடியுரிமைச் சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்ததால், அந்த விசாவோடு நாட்டுக்குள் நுழைந்த நொடியிலேயே அவள் அமெரிக்கக் குடிமகள். நான் அன்றைக்கும் கிரீன் கார்டுதான். என் இடுப்பில் தூங்கிக்கொண்டே என்னை முந்திவிட்டாள்.

* * *

அக்கா, வாசனை விஷயம் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்களும் அமெரிக்காதான், ஆனால் இந்தியாவிலிருந்து தத்தெடுத்தோம், 2023-இல். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தின் கீழ் வருகிற வழி. அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு முதலில் போடும் விண்ணப்பம், உங்கள் காலத்து ஐ-600ஏ-க்குப் பதிலாக எங்களுக்கு ஐ-800ஏ. இந்தியப் பக்கம் எல்லாம் காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையம். மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். ஒருநாள் ராத்திரி குழந்தையின் விவரம் வந்தது. 96 மணி நேரத்துக்குள் சரி என்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஒரு குழந்தை மருத்துவரைப் பிடித்து அறிக்கையைக் காட்டி முடிக்கவே பாதி நேரம் போய்விட்டது.

சொல்ல வந்தது வேறு. இந்தியாதானே, நம் நாட்டுக்குத்தானே போகிறோம், குழந்தைக்கு நாம் அந்நியமாக இருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டு போனோம். காப்பகம் மகாராஷ்டிரத்தில். அவளுக்கு இரண்டேகால் வயது, மராத்தியில் படபடவென்று பேசுகிறாள். எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. "வா கண்ணு" என்று நான் குனிந்தேன். "நகோ" என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். சாப்பாடு நகோ. குளியல் நகோ. என் மனைவி நகோ. நான் சுத்தமாக நகோ. பத்து நாளைக்கு அந்த ஒரு சொல்தான்.

காப்பகத்து ஆயாவிடம் முப்பது சொல் எழுதி வாங்கினேன், போனில் அவர் குரலிலேயே பதிவும் செய்துகொண்டேன். தண்ணீர், வலி, பயம், தூக்கு, போதும், அப்பா திரும்பி வருவேன். அதுதான் நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே கொடுக்கலாம் என்று ஆகிவிட்டதால் நீதிமன்றப் படி ஏறவில்லை. ஆனால் ஆணைக்குப் பிறகு பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், காராவின் இணக்கச் சான்று, டெல்லியில் விசா என்று அலைந்து முடிக்க நாலு மாதம் ஆனது. என் லீவு தீர்ந்து நான் முதலில் திரும்பினேன், மனைவி இருந்து கூட்டிவந்தாள். ஒரு அலுவலகத்தில் எங்கள் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள், அதற்கு மட்டும் மூன்று வாரம்.

விமானத்தில் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் சாக்லெட் நீட்டினாராம். இவள் என் மனைவியின் புடவைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு "நகோ" என்றாளாம். ஒளிய அம்மாவிடம் வந்தாள் பாருங்கள். மனைவி அதைச் சொல்லும்போது போனில் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

* * *

உங்கள் இருவர் கதையையும் படித்தேன். எங்களுக்கு 2019 டிசம்பரில் இன்ன குழந்தை என்று பொருத்தம் வந்தது. சீனாதான். நாலு வயதுப் பெண், பிளவுபட்ட உதடு, ஒரு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மார்ச்சில் பயணம் என்றார்கள். 2020 ஜனவரியில் கொரோனாவால் எல்லாம் நின்றது. ஒரு மாதம், மூன்று மாதம் என்று சொல்லிச் சொல்லி நாலரை வருஷம். 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவுக்காரர்களைத் தவிர வெளிநாட்டவருக்கு இனித் தத்துக் கொடுப்பதில்லை என்று சீன வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது. பாதியில் நின்ற எங்களைப் போன்றவர்களுக்கும் அதேதான்.

நடுவில் இரண்டு தடவை வீடியோ வந்தது. இரண்டாவதில் நாங்கள் அனுப்பிய ஆல்பத்தைத் திறந்து, எங்கள் போட்டோவில் விரல் வைத்து "மாமா, பாபா" என்றாள். அங்கே அப்படித்தான் அம்மா அப்பாவைச் சொல்வார்கள். இப்போது பத்து வயது முடிந்திருக்கும். அவளுக்கு வாங்கின ஷூ ஒன்பது ஜோடி. வளர்ந்திருப்பாள், வளர்ந்திருப்பாள் என்று ஒவ்வொரு அளவாக வாங்கிக்கொண்டே இருந்தோம். யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. ஆறுதல் யாரும் எழுத வேண்டாம். இப்படியும் முடியும் என்பது இதில் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

* * *

ஆறுதல் எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் எழுதவில்லை. படித்தேன்.

தம்பி, உங்கள் முப்பது சொல் யோசனையை இருபது வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் திரும்பிய அதே வருஷம் நவம்பரில் ஹூனானின் ஹெங்யாங் பகுதிச் செய்தி வந்தது. அங்கே சில காப்பகங்கள் குழந்தைகளைப் பணம் கொடுத்து வாங்கி, கைவிடப்பட்டவர்கள் என்று காகிதம் எழுதித் தத்துக்குக் கொடுத்திருந்தன. 2006-இல் தண்டனையும் கொடுத்தார்கள். என் மகள் வேறு ஊர்க் காப்பகத்துக் குழந்தை. ஆனாலும் அன்றைக்கு அவளுடைய காகிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சந்தை வாசலில் காலையில் கண்டெடுக்கப்பட்டாள் என்று ஒரே ஒரு வரி. முதல் தடவை படித்தபோது அழ வைத்த வரி, அன்றைக்கு எந்தக் கதைக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது.

பதினாறு வயதில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னோம், அந்தச் செய்தியையும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஸ்வெட்டர் எங்கே?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். இப்போது அதில் எங்கள் பீரோ வாசனைதான்.

போன வருஷம் மரபணுச் சோதனைக்கு ஒரு பெட்டி வாங்கினாள். அங்கே மகளைத் தேடுகிற பெற்றோரும் இப்படிக் கொடுக்கிறார்களாம், பொருந்தினால் தெரியவருமாம். இன்னும் பிரிக்கவில்லை. அவள் மேசை டிராயரில், ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறையைப் பெருக்கும்போது நான் அந்த டிராயரைத் திறப்பதில்லை.