சீட்டுக் குலுக்கலும் பத்துப் பொருத்தமும்

மல்லிச்சரம்:

போன வாரம் இங்கே ஒருவர் கிண்டலடித்திருந்தார். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான ஆங்கில நாவல்களில் ஊரே பற்றி எரியுமாம், கதாநாயகிக்கு மட்டும் எந்தப் பையனைக் கட்டிக்கொள்வது என்பதுதான் கவலையாம். படித்துவிட்டுச் சிரித்தேன். பத்து வருடங்களுக்கு முன்னால் நானே இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது சொல்ல வாய் வருவதில்லை. காரணம் என் அம்மாவும் என் அக்கா மகளும். ஆளுக்கு ஒரு தடவை என்னை மடக்கிவிட்டார்கள். அதைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

2012இல் 'ஹங்கர் கேம்ஸ்' படம் வந்தபோது நான் மதுரையில் கல்லூரி இறுதியாண்டு. விடுதியில் அந்த நாவலின் ஒரே ஒரு பிரதி இருந்தது. அட்டை கிழிந்து, நடுப்பக்கத்தில் சாம்பார்க் கறையோடு அறை அறையாகச் சுற்றியது. சூசன் காலின்ஸ் எழுதிய முதல் பாகம் வந்தது 2008இல். மூன்றாவது 2010இலேயே வந்துவிட்டதால் காத்திருக்கும் வேதனை எங்களுக்கு இல்லை, மூன்றையும் மூச்சுவிடாமல் முடித்தோம். முடித்த கையோடு, கதாநாயகி காட்னிஸுக்கு எந்தப் பையன் பொருத்தம் என்று விடுதி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பீட்டா கட்சி, கேல் கட்சி. நான் பீட்டா. ரொட்டிக்கடைக்காரர் மகன். காட்னிஸ் பசியோடு மழையில் நிற்கிறாள் என்று ரொட்டியைக் கருகவிட்டு, அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கிக்கொண்டு, அதை அவள் பக்கம் எறிந்தவன். அதற்கப்புறமும் கேலுக்கு எப்படி ஓட்டுப் போடுவது?

இருபத்து நான்கு பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சாகக் களத்தில் இறக்கி, கேப்பிட்டல் என்ற தலைநகரத்து ஜனங்கள் ரசிக்க டிவியில் காட்டும் கதை அது. அதைப் பற்றி நாங்கள் ஒரு நாள்கூடப் பேசியதாக நினைவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

2015இல் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆலி காண்டி எழுதிய 'மேட்ச்டு' கைக்கு வந்தது. அதில் யார் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அரசாங்கமே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். பதினேழு வயதில் ஒரு விருந்து வைப்பார்கள், திரையில் உங்கள் ஜோடியின் முகம் தெரியும். கேசியாவுக்குத் தெரிந்த முகம் அவளோடு கூடவே வளர்ந்த ஸாண்டர். பரம சந்தோஷம். வீட்டுக்கு வந்து, கொடுத்தனுப்பிய தகவல் அட்டையைப் போட்டுப் பார்த்தால் ஒரு கணம் வேறொருவன் முகம் வந்து மறைகிறது. அதுவும் தெரிந்த பையன்தான், கை என்று பெயர்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது கதையாகச் சொன்னேன். ஜாடையாகக் குத்தும் நோக்கம் இருந்தது, மறைக்கவில்லை. பார்த்தாயா அம்மா, எவ்வளவு கொடுமையான அரசாங்கம் என்று சொல்லி முடித்தேன். அம்மா கத்தியை நிறுத்தவே இல்லை.

"இதுல என்னடி கொடுமை? நாங்க ஜோசியர்கிட்ட போறோம், அங்க மிஷின்கிட்ட போறாங்க. தெரிஞ்ச பையன், நல்ல குடும்பம். கட்டிக்கிட வேண்டியதுதான?"

"ரெண்டு முகம் வந்துச்சும்மா!"

"வரும். வாக்கியப் பஞ்சாங்கத்துல ஒருத்தன், திருக்கணிதத்துல ஒருத்தன். உனக்கே போன மாசம் அப்படித்தான ஆச்சு."

நிஜமாகவே ஆகியிருந்தது. ஒரு வரன் ஒரு பஞ்சாங்கத்தின்படி உத்தமம், மற்றதன்படி தொடவே கூடாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நாவலை எழுதியவர் எதைக் காட்டினால் வாசகருக்கு உடம்பு சிலிர்க்கும் என்று நினைத்தாரோ, அது எங்கள் வீட்டில் சாதாரண செவ்வாய்க்கிழமைச் சமாச்சாரம். என்னை உலுக்கியது வேறு இடங்கள். அந்த ஊரில் நூறு கவிதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். கையால் எழுத யாருக்கும் தெரியாது. எண்பது வயதானால் விருந்து வைத்து வழியனுப்பிவிடுவார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னபோதுதான் அம்மாவின் கத்தி நின்றது. "எங்கப்பாவுக்கு எண்பத்தொண்ணுடி" என்றாள். அப்புறம் பீன்ஸைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

அதே சூட்டில் லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' படித்தேன். காதலே ஒரு நோய், பதினெட்டு வயதில் அறுவை செய்து அதைக் குணப்படுத்திவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ரோமியோ ஜூலியட்டை, பாருங்கள் காதலித்தால் இப்படித்தான் ஆகும் என்ற எச்சரிக்கைப் பாடமாக வைத்திருப்பார்கள். அந்த ஒரு நகைச்சுவைக்காக அவரை மன்னித்துவிடலாம். மற்றபடி எனக்கு ஒட்டவில்லை. இதில் சர்வாதிகாரம் இருப்பதே முத்தத்துக்குக் குறுக்கே ஒரு சுவர் வேண்டும் என்பதற்காகத்தான். சுவரை எடுத்துவிட்டால் நம்மூர் மாத நாவல் மாதிரிதான், மாத நாவல்காரர்கள் இதைவிடச் சுருக்கமாக முடித்திருப்பார்கள்.

இப்போது அக்கா மகள். பத்தாவது படிக்கிறாள். எதிரிகள் காதலர்களாவது, பொய்க் கல்யாணம் நிஜமாவது என்று வகை பிரித்து வைத்துக்கொண்டு போனிலேயே படிக்கிறவள். போன மே விடுமுறையில் 'ஹங்கர் கேம்ஸ்' வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டேன் என்றாள். கேட்டால், சண்டைப் பக்கங்களைத் தள்ளிவிட்டு பீட்டா வரும் இடங்களை மட்டும் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், உனக்குக் காதல் கேட்கிறதா என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சித்தி, கேப்பிட்டல் ஜனங்களும் அதைத்தான பாத்தாங்க. அதனாலதான அவ தப்பிச்சா."

உட்கார்ந்து யோசித்தேன். அவள் சொன்னது சரி. களத்துக்குப் போகும் முன் பேட்டியில் பீட்டா தன் காதலைச் சொன்னதிலிருந்தே அது ஒரு வியாபாரம்தான். குகையில் காயத்தோடு கிடப்பவனுக்கு காட்னிஸ் ஒரு முத்தம் கொடுக்கிறாள், உடனே டிவி பார்ப்பவர்கள் காசில், மேலிருந்து குட்டிப் பாராசூட்டில் சூடாக ஒரு பானை சூப் இறங்குகிறது. இன்னும் கொடு, இன்னும் வரும் என்று அர்த்தம். அவளுக்கு அது காதலா நடிப்பா என்று அவளுக்கே தெரியாது. மூன்றாம் பாகத்தின் முடிவுவரைக்கும் அந்தக் குழப்பத்தைக் காலின்ஸ் அவிழ்க்காமல் வைத்திருக்கிறார். ஒருநாள் டிவியில் போட்டி நிகழ்ச்சிக்கும் இராக் போர்க் காட்சிகளுக்கும் இடையே சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்துபோனதில்தான் இந்தக் கதை தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் விடுதியில் பீட்டா கட்சி, கேல் கட்சி என்று கத்திய நாங்கள் யார்? தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு டிவி முன் உட்கார்ந்திருந்த கூட்டம்தான்.

இதே ரகத்தில் வந்த 'டைவர்ஜென்ட்' நாவல்கள் பற்றி நான் எழுதப் போவதில்லை. யாராவது திட்டுங்கள்.

——

டீக்கடை பெஞ்ச்:

நான் திட்டுகிறேன். வெரோனிகா ராத் முதல் பாகத்தைக் கல்லூரியில் படிக்கும்போதே எழுதியவர் என்பதால் ஓரளவு மரியாதை உண்டு. ஊரை ஐந்து பிரிவாகப் பிரித்து, பதினாறு வயதில் நீ எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் விஷயம், பத்தாவது முடித்து எந்த குரூப் எடுப்பது என்று முழித்துக்கொண்டிருந்த எனக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் 2013இல் வந்த மூன்றாம் பாகம்! இரண்டு பாகங்களாகக் கதாநாயகி ட்ரிஸ் மட்டும் சொல்லிவந்த கதையை இதில் அவள் காதலன் டோபியாஸும் பாதி சொல்கிறான். ஏன் திடீரென்று இன்னொருவன் என்று எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. கலக்கியபடியே ஆனது. ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தைத் தூக்கி எறிய, கீழே இருந்த பெரியவர் மேல் விழுந்து, மன்னிப்புக் கேட்டு, அவர் கொடுத்த முறுக்கைத் தின்றபடி அழுதேன்.

அந்த மூன்றாம் பாகத்தை இரண்டு படமாக எடுப்பதாக இருந்தார்கள். 2016இல் முதல் பாதி வந்தது, ஓடவில்லை, கடைசிப் படத்தை எடுக்கவே இல்லை. என் தம்பி படம் மட்டும் பார்த்தவன். அவன் கணக்கில் ட்ரிஸ் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். நான் சொல்லப் போவதில்லை.

——

சாக்பீஸ்:

நான் ஆங்கில ஆசிரியர், நெல்லைப் பக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஓய்வு நேரங்களில் லோயிஸ் லோரியின் 'தி கிவர்' நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் கதையாகச் சொல்லிவந்தேன். 1993இல் வந்தது, நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் அக்கா. அதிலும் ஜோடி சேர்ப்பது கமிட்டிதான். பிள்ளைகளையும் கமிட்டிதான் தரும், ஒரு வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண். காதல் எண்ணம் தலைகாட்டினால் தினம் ஒரு மாத்திரை. இந்த இடத்தில் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அப்புறம் கதாநாயகன் ஜோனஸ் தன் பெற்றோரிடம் என்மேல் உங்களுக்கு அன்பு இருக்கிறதா என்று கேட்பான். அவர்கள் சிரிப்பார்கள். சொல்லைச் சரியாகப் பயன்படுத்து, அது பொருளே இல்லாத சொல், உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறோமா என்று கேள், சொல்கிறோம் என்பார்கள். இதற்கும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன் கேட்டான்: "சார், அந்த வார்த்தைய எங்க வீட்லயும் யாரும் சொன்னதில்ல. அப்ப எங்க வீடும் அந்த ஊரா?"

அன்று மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. மறுநாள் ஒரு பதிலோடு போனேன், சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் நம் வீடுகளில் அந்த வார்த்தை என்று. அவன் தலையாட்டினான். நம்பினானா என்பது வேறு.

——

நெடுங்கேணி:

நான் 2010இல் கனடா வந்தவன். இங்கே பள்ளியில் ஆங்கில வகுப்புக்கு 'ஹங்கர் கேம்ஸ்' பாடமாக வைத்தார்கள். முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். பன்னிரண்டு வயதானால் பெயர் ஒரு தடவை குலுக்கலுக்குள் போகும். வீட்டில் தானியம் இல்லையென்றால் கூடுதலாகப் பெயரைப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கி வாங்கி காட்னிஸின் பெயர் இருபது தடவை உள்ளே கிடக்கும். வகுப்பில் எல்லோரும் இந்தக் கணக்கை ஆர்வமாகப் போட்டார்கள். இப்படி ஒரு உலகத்தைக் கற்பனை செய்ய முடிகிறதா என்று ஆசிரியை கேட்டா. நான் கை உயர்த்தவில்லை.

வன்னியில் போரின் கடைசி வருசங்களில் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இருந்தது. எங்கட வீட்டில் நானும் அக்காவும். தங்கையின் பெயர் வந்தவுடன் காட்னிஸ் முன்னால் வந்து, நான் போறன் என்று சொல்லுற இடத்தை வகுப்பில் சத்தமாக வாசித்தார்கள். நான் தண்ணி குடிக்கப் போறன் என்று சொல்லி வெளியே போயிட்டன்.

இன்னுமொன்று. நீங்கள் எல்லோரும் காதல், கல்யாணம் பற்றி எழுதியதால் சொல்கிறேன். கலியாணம் கட்டினவர்களை எடுக்க மாட்டார்கள் என்று ஒரு காலம் நம்பிக்கை இருந்தது. அதனால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கட்டிவைத்தார்கள். பிறகு அதுவும் பலிக்கவில்லை. உயிர் தப்புவதற்காக காட்னிஸுக்கும் பீட்டாவுக்கும் கலியாணம் பேசுவது இரண்டாம் பாகத்தில் வருகிறது. அது மிகைப்படுத்தல் என்று இங்கே ஒரு நண்பன் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பாகங்களையும் பிறகு வாசித்து முடித்தேன். அக்கா வாசிக்கவில்லை. அவ இப்ப கிளிநொச்சியில் இருக்கிறா, நலம்.

——

மல்லிச்சரம்:

நெடுங்கேணி, நீங்கள் எழுதியதை நான்கு தடவை படித்தேன். அக்கா நலம் என்று முடித்ததற்கு நன்றி. கட்சி பிரித்துக் கத்திய கதையை இனி யாரிடமாவது சொல்லும்போது கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

தனிச்செய்தியில் ஒருவர், எல்லோரும் அமெரிக்காவையே சுற்றுகிறீர்கள், நம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்ன பாவம் செய்தது என்று கேட்டிருந்தார். நியாயம்தான். எண்பதுகளிலேயே விகடனில் தொடராக வந்தது. பெயருக்கு இரண்டே எழுத்து, பிள்ளை பெற அரசாங்க அனுமதி, தலைவர் ஜீவா என்று எல்லாம் அதில் உண்டு. காணாமல் போன கணவனைத் தேடித்தான் நிலா கிளம்புகிறாள். ஆனால் சொல்லுங்கள், படித்தவர்கள் யாருக்காவது சிபி ஞாபகம் இருக்கிறானா? எல்லோருக்கும் அந்த இயந்திர நாய் ஜீனோதான். நாய்க்கு முன்னால் எந்தக் கதாநாயகனும் நிற்க முடியாது.

அம்மாவிடம் இந்தப் பதிவுகளைப் படித்துக் காட்டினேன். வன்னிப் பகுதி வந்ததும், அந்தப் பிள்ளை இப்போது சாப்பாட்டுக்கெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். பிறகு, பத்து வருடம் கழித்து, "அந்த ஸாண்டர் பையனுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்றாள். மூன்று பாகங்கள் இருக்கிறது அம்மா, நானே சொல்லிவிட்டால் என்ன இருக்கிறது என்றேன். "மூணா?" என்று கண்ணாடியைத் தேட ஆரம்பித்திருக்கிறாள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. தினம் ராத்திரி ஓர் அத்தியாயம் நானே தமிழில் சொல்ல வேண்டியதுதான் போலிருக்கிறது.