கச்சேரி மேடைக்கு உழைக்கிற மைக் கேபிள் எது?

கேள்வி:
வணக்கம். சின்ன அளவுல சவுண்ட் சர்வீஸ் பண்றேன், கோயில் கச்சேரி, கல்யாணம் இப்படி. மைக் கேபிள் எல்லாம் ஆறே மாசத்துல கனெக்டர் கிட்ட உள்ளுக்குள்ளயே அறுந்துடுது, அதுவும் லைட் டிம்மர் பக்கமா போனா ஒரே உர்ருனு இரைச்சல். பேலன்ஸ்டு கேபிள்னு (ரெண்டு சிக்னல் வயர் இருந்து இரைச்சலைக் கழிக்கிற வகை) சொல்லித்தான் குடுத்தாங்க. எதைப் பாத்து வாங்கணும்?

பதில் 1:
அண்ணே, ஒரு முனையைப் பிரிச்சு ஷீல்டைப் பாருங்க, அதாவது வயரைச் சுத்தி இரைச்சலைத் தடுக்கிற உலோக உறை. ஃபாயில்னா சுவத்துல நிரந்தரமா போட சரி, தினமும் சுத்தி விரிச்சா கிழிஞ்சிரும், மேடைக்குப் பின்னல் ஷீல்டுதான். டிம்மர் தொல்லைக்கு ஸ்டார் குவாட் போடுங்க, உள்ள நாலு வயர் முறுக்கி இருக்கும், எதிரெதிர் வயரைச் சேத்துப் பத்தவைக்கணும், அப்போ ரெண்டு ஜோடியிலயும் இரைச்சல் ஒரே அளவு ஏறும், மிக்சர் இன்புட்ல கழிஞ்சு போயிடும். கனாரே கம்பெனியோட எல்-4ஈ6எஸ் கேபிள் அந்த ரகம்தான்.

பதில் 2:
ஆமா, ஆனா ஸ்டார் குவாட்ல கெப்பாசிட்டன்ஸ் (வயர்களுக்கு நடுவுல மின்னூட்டம் தேங்குற தன்மை) அதிகம், ரொம்ப நீளமா இழுத்தா ஹை, அதாவது உச்ச ஸ்தாயி சத்தம், கொஞ்சம் மங்கலாம். அறுந்து போறதுக்குக் காரணம் பெரும்பாலும் கேபிளே இல்ல, கனெக்டர் கேபிளை இறுக்கிப் பிடிக்காததுதான், நியூட்ரிக் கம்பெனி கனெக்டர் மாதிரி உள்ள கவ்விப் பிடிக்கிறதா போடுங்க. முழங்கையில சுத்தவே சுத்தாதீங்க! கரண்ட் வயரைக் குறுக்கால தாண்டுங்க, கூடவே ஓட்டாதீங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன், ரெண்டு கேபிள்ல மூணாவது பின் (ரெண்டு சிக்னல் வயர்ல ஒண்ணு சேர்ற இடம்) விட்டுப்போயிருக்கு, இரைச்சல் வந்ததும் அதுலதான்.