காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா பையன் எழுந்திருக்க மாட்டேங்குறான்

பி பிளாக் குடும்பங்கள் (வாட்ஸ்அப் குழு)

கவிதா: நேத்து விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி. நிகிலுக்கு விடியக்காலை காய்ச்சல் விட்டுடுச்சு. நாலு நாளா அனலா கொதிச்ச உடம்பு இப்போ சில்லுனு இருக்கு 🙏

செல்வராஜ் அங்கிள்: ரொம்ப சந்தோஷம்மா.

தனம் அம்மா: அப்பாடா! உடனே ஸ்கூலுக்கு அனுப்பிடாத, ரெண்டு நாள் வீட்லயே இருக்கட்டும்.

மாலதி அக்கா: கவிதா, என்எஸ்1 டெஸ்ட் எடுத்தியே, என்ன வந்துச்சு?

கவிதா: பாசிட்டிவ்தான்க்கா, டெங்கு. பாரசிட்டமால் மட்டும் குடுங்க, வேற வலி மாத்திரை வேண்டாம்னு டாக்டர் சொன்னாரு.

மாலதி அக்கா: சரியாத்தான் சொல்லியிருக்காரு. இப்போ எப்படி இருக்கான்? எழுந்து விளையாடுறானா?

கவிதா: இல்லக்கா, சுருண்டு படுத்திருக்கான். வயிறு வலிக்குதுன்றான். காலைலேர்ந்து மூணு தடவை வாந்தி. வெறும் வயிறா இருக்கிறதாலயோ என்னவோ.

மாலதி அக்கா: கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?

கவிதா: நேத்து ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி.

மாலதி அக்கா: போன் எடு. கூப்பிடுறேன்.

பஷீர் பாய்: கார் கீழ ரெடியா இருக்கு. கிளம்புங்கம்மா.

செல்வராஜ் அங்கிள்: மாலதி, காய்ச்சல்தான் விட்டுடுச்சே, அப்புறம் எதுக்கும்மா ஆஸ்பத்திரி?

மாலதி அக்கா: டெங்குல காய்ச்சல் அடிக்கிற நாளைவிட விடுற நாள்தான் அங்கிள் பயம். மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள சூடு இறங்கும்போது சிலருக்கு ரத்தக்குழாய் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்துல இருக்கிற நீர் வெளியேறி வயித்துலயும் நுரையீரலைச் சுத்தியும் தேங்கும். வெளிய ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாம இருக்கலாம், உள்ள பிரஷர் இறங்கிட்டே போகும். வயித்து வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிப்பு, ஒண்ணுக்குக் குறையறது, ஈறுல ரத்தம், இதுல எது வந்தாலும் வீட்ல வெச்சுப் பாக்கக்கூடாது. வார்டுல "காய்ச்சல் விட்டதும் தெம்பா இருப்பான்னு நினைச்சோம்"னு சொல்லிட்டு வந்தவங்களை நிறையப் பாத்திருக்கேன்.

தனம் அம்மா: எனக்கு வயித்தைக் கலக்குது.

மாலதி அக்கா: நேரத்துக்குப் போய் டிரிப்ஸை அளவு பாத்து ஏத்தினா பெரும்பாலும் தேறிடுவாங்கம்மா. அந்த ஒண்ணு ரெண்டு நாளைத் தாண்டணும், அவ்வளவுதான்.

செல்வராஜ் அங்கிள்: [பல முறை ஃபார்வர்டு செய்யப்பட்டது] கொசுக்கள் இரவில் மட்டுமே கடிக்கும். வலை கட்டித் தூங்கினால் எந்தக் காய்ச்சலும் வராது. அனைவருக்கும் பகிரவும்.

அஷ்வின்: அங்கிள், இது மலேரியா கொசுவுக்கு ஓரளவு பொருந்தும். மலேரியா வைரஸே கிடையாது, ஒட்டுண்ணி. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூணையும் பரப்புறது முக்கியமா ஏடிஸ்ங்கிற கொசு. கால்ல வெள்ளை வளையம் இருக்கும். பகல்ல, அதுவும் காலையிலயும் சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடியும்தான் அதிகம் கடிக்கும். ராத்திரி வலைக்குள்ள போறதுக்குள்ள அது வேலையை முடிச்சிடும்.

ரேவதி: ஜிகாவா? எனக்கு அஞ்சாம் மாசம் நடக்குது 😟

மாலதி அக்கா: பயப்படாத ரேவதி, இங்க இப்போ வந்திருக்கிறது டெங்கு. கர்ப்பத்துல டெங்குவும் லேசுப்பட்டதில்ல, அதனால காய்ச்சல் வந்தா அன்னிக்கே டாக்டரைப் பாரு. ஜிகாவை 1947லயே உகாண்டா காட்டுல கண்டுபிடிச்சாங்க, ரொம்ப வருஷம் யாரும் பெருசா எடுத்துக்கல. 2015ல பிரேசில்ல தலை சின்னதா குழந்தைங்க பிறக்கவும்தான் உலகமே முழிச்சுது. பகல்லயும் முழுக்கை போடு, கொசு விரட்டி கிரீம் எதுன்னு உன் டாக்டர்கிட்டயே கேட்டுக்கோ.

ரேவதி: சரிக்கா.

செல்வராஜ் அங்கிள்: புகை அடிக்க ஆள் வரச் சொல்லுங்க பாய். அது ஒண்ணுதான் வழி.

அஷ்வின்: புகையால புழுவும் முட்டையும் சாகாது அங்கிள். பறக்கிற கொசு மேல பட்டாத்தான் உண்டு. ஏடிஸ் கட்டிலுக்கடியில, தொங்கப்போட்ட துணிக்குப் பின்னாடி உக்காந்திருக்கும். சத்தமும் வாடையும் பலமா இருக்கிறதால வேலை நடந்த மாதிரி நமக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

அஷ்வின்: ஒரு கணக்கு சொல்றேன். நிகிலுக்குக் காய்ச்சல் அடிச்சப்போ அவனைக் கடிச்ச கொசுவுக்குள்ள வைரஸ் போயிருக்கும். அது வயித்துலேர்ந்து எச்சில் சுரப்பிக்கு வர எட்டுலேர்ந்து பன்னெண்டு நாள் ஆகும். அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் யாரைக் கடிச்சாலும் குடுக்கும். ஏடிஸ் ரொம்ப தூரமும் பறக்காது. அதாவது அந்தக் கொசு இப்போ நம்ம பிளாக்லதான் எங்கேயோ இருக்கு.

தனம் அம்மா: இதை முன்னாடியே சொல்லக்கூடாதா தம்பி! அவனைப் பகல்லயும் வலைக்குள்ளயே படுக்க வெச்சிருக்கலாமே.

அஷ்வின்: [போட்டோ] மொட்டைமாடி வாளி. தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. ஏடிஸுக்கு இப்படித்தான் வேணும், சாக்கடை வேண்டாம். டார்ச் அடிச்சதும் எல்லாப் புழுவும் நெளிஞ்சுகிட்டே அடிக்கு ஓடிடுச்சு. தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல மிளகுத்தூள் தூவின மாதிரி ஒட்டியிருக்கே, அதான் முட்டை.

பஷீர் பாய்: கொட்டிட்டியா?

அஷ்வின்: கொட்டிட்டேன் பாய். ஆனா கொட்டினா மட்டும் பத்தாது, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். அந்த முட்டை காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், தண்ணி பட்டதும் பொரிஞ்சிடும். முட்டை பொரிஞ்சு கொசுவாப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால வாரம் ஒரு தடவை தேய்க்கணும்.

ரேவதி: எங்க ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டை இப்பத்தான் இழுத்துப் பாத்தேன். சீ! உள்ள நெளியுது.

தனம் அம்மா: என் பூந்தொட்டிக்கடி தட்டையெல்லாம் எடுத்துட்டேன்பா.

பஷீர் பாய்: டேங்க் மூடி உடைஞ்சிருக்கிறதை நாளைக்கே மாத்துறேன். பூட்டிக்கிடக்கிற நாலாவது மாடி வீடுதான் சிக்கல். பாத்ரூம்ல தண்ணி தேங்கியிருந்தா நமக்குத் தெரியவே தெரியாது. ஓனருக்கு மெசேஜ் போட்டிருக்கேன்.

கவிதா: அட்மிட் பண்ணிட்டாங்க. ரத்தம் கெட்டியாயிருக்காம், பிசிவி (ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு) ஏறியிருந்துச்சாம். டிரிப்ஸ் போகுது. பிளேட்லெட்டும் குறைஞ்சிருக்குன்றாங்க.

செல்வராஜ் அங்கிள்: நான் ஆள் ரெடி பண்றேன்மா, பிளேட்லெட் ஏத்தச் சொல்லு!

மாலதி அக்கா: அங்கிள், அவளை அவசரப்படுத்தாதீங்க. ரத்தக்கசிவு இல்லாம வெறும் எண்ணிக்கையைப் பாத்துப் பொதுவா ஏத்தறதில்ல. உடம்பு தேற ஆரம்பிச்சா அது தானாவே ஏறும். கவிதா, டாக்டர் பிசிவியையும் ஒண்ணுக்குப் போற அளவையும்தான் பாப்பாரு, நீயும் அதையே கேளு.

கவிதா: (சாயங்காலம்) பிசிவி இறங்குதாம்க்கா. இப்பத்தான் ஒண்ணுக்குப் போனான். போன் குடுன்னு அடம் பிடிக்கிறான்.

தனம் அம்மா: குடுத்துடு, இன்னிக்கு ஒரு நாள் போகட்டும் 😄

செல்வராஜ் அங்கிள்: ஒரு தடவை வந்தா இனிமே வராதுல்ல?

மாலதி அக்கா: வந்த வகை திரும்ப வராது. ஆனா டெங்குல நாலு வகை இருக்கு அங்கிள். ரெண்டாவது தடவை வேற வகை வந்தா கடுமையாகிற வாய்ப்பு அதிகம். நிகில் விஷயத்துல கவிதா இதை எழுதி வெச்சுக்கணும், அடுத்த டாக்டர் கேப்பாரு.

பஷீர் பாய்: நாலாவது மாடி ஓனர் சாவியை வாட்ச்மேன்கிட்டயே வாங்கிக்கச் சொல்லிட்டாரு. அஷ்வின், டார்ச் எடுத்துட்டு வா.

அஷ்வின்: வர்றேன் பாய். பிரஷ் ரெண்டு வேணும், யார் வீட்ல இருக்கு?

செல்வராஜ் அங்கிள்: எங்க வீட்ல இருக்கு. நானே கொண்டு வர்றேன்.