ஸ்னோமொபைல் ஏற்றிய ட்ரெய்லர் ஆடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். இந்தக் குளிர்காலத்துக்குப் பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) ஒன்று வாங்கினேன், கூடவே ஒற்றை அச்சு ட்ரெய்லரும். போன சனிக்கிழமை ஹன்ட்ஸ்வில் பக்கம் கிளம்பினோம். பாரி நகரம் தாண்டும்வரை பிரச்சினை இல்லை. 11ஆம் நெடுஞ்சாலையில் வேகம் 90ஐத் தொட்டதும் ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன், மெல்ல அடங்கியது. பக்கத்தில் இருந்த மச்சான் அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

வீடு திரும்பி, குளியலறையில் எடை பார்க்கும் மெஷினை ட்ரெய்லரின் முன்முனைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். 20 கிலோதான் காட்டியது. ஸ்னோமொபைலும் ட்ரெய்லருமாகச் சேர்த்து 430 கிலோ. அதில் 10 முதல் 15 சதவீதம் முன்முனையில் இறங்க வேண்டும், குறைந்தது 43 கிலோ. முன்னால் தள்ளி ஏற்றலாம் என்றால் ஸ்னோமொபைலின் முன்னால் இருக்கும் ஸ்கீகளின் (சறுக்குப் பலகைகளின்) முனைகள் ஏற்கெனவே முன்கம்பியை முட்டி நிற்கின்றன. அச்சைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மாட்டியவர்கள் யாராவது உண்டா? இல்லை, நீளமான ட்ரெய்லர்தான் வழியா?

அப்புறம், கட்டும் விஷயம். ஸ்கீகளின் மேல் குறுக்குக் கம்பி போட்டு முறுக்கிவிடுகிறேன், பின் பம்பருக்கு ராட்செட் பட்டை (நெம்புகோலால் இறுக்கும் பட்டை). சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கும்வரை பட்டையை இறுக்குவீர்கள்? பாதுகாப்புச் சங்கிலிகளைப் பெருக்கல் குறி மாதிரி போட்டிருக்கிறேன், அது சரிதானே?

சாலை உப்பு தெறிக்காமல் இருக்க உறை போட்டால் காற்றில் அடித்து விண்ட்ஷீல்டைக் கீறுகிறது. அதற்கும் ஏதாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி போக வேண்டும், மச்சான் வர மாட்டேன் என்கிறான்.