"கல்லிங்" என்பதற்கு "எள்ளற்பொறி"

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒருவரை நம்பவைத்து ஏமாற்றி நகைப்புக்கு ஆளாக்குவதைக் குறித்து நாடகத் திறனாய்வில் வழங்கும் "கல்லிங்" (gulling) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இங்கே முன்வைக்கப்பட்ட "குறும்பு", "ஏய்ப்பு" ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. ஷேக்ஸ்பியரின் "பன்னிரண்டாம் இரவு" நாடகத்தை வைத்தே காரணம் கூறுகிறேன்.

செல்வச் சீமாட்டியான ஒலிவியாவை மணந்துவிடலாம் என்று ஆசை காட்டி, தம் நண்பர் சர் ஆண்ட்ரூவிடமிருந்து அவளுடைய உறவினர் சர் டோபி பணம் கறக்கிறாரே, அதுதான் ஏய்ப்பு. ஒலிவியாவின் வீட்டுக் காரியஸ்தரான மல்வோலியோவிடமிருந்து எவரும் ஒரு காசும் பெறவில்லை. ஒலிவியாவின் கையெழுத்தைப் போலவே அவளுடைய பணித்தோழி மரியா எழுதிப் போட்ட கடிதத்தை நம்பி, மஞ்சள் காலுறையும் குறுக்குப் பட்டியுமாக அவர் தலைவியின் முன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பித்தர் என்று இருட்டறையில் அடைபடுகிறார். அங்கும் அவ்வீட்டு விதூஷகன் ஃபெஸ்டி பாதிரியாராக நடித்து வந்து, அறை இருட்டாக இருக்கிறது என்பவரிடம் அங்கே சாளரங்கள் இருப்பதாகச் சாதிக்கிறார். இதைக் குறும்பு என்றால், செய்தவர்களின் பக்கம் நின்று நாம் பெயர் வைத்தவர்களாவோம்.

மல்வோலியோவின் தற்பெருமையும், நள்ளிரவில் குடித்துப் பாடியவர்களை அவர் கடிந்த கடுமையும் உண்மைதான். ஆயினும், "நீ காரியஸ்தனுக்கு மேற்பட்டவனா?" என்று டோபி அவரை அப்போதே கேட்டுவிடுகிறார். பொறி வைக்கப்படுவதும் அந்த இடத்தில்தான்: தலைவியை மணந்து கோமகனாக வேண்டும் என்ற அவருடைய கனவில். தன்னிலும் உயர்ந்த நிலையிலுள்ளவரை மணக்கும் அதே பேறு, அந்தக் கடிதத்தை எழுதியதற்குப் பரிசாகவே, மரியாவுக்கு டோபியால் கிடைக்கிறது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 1602 பிப்ரவரியில் இலண்டனில் மிடில் டெம்பிள் என்னும் வழக்கறிஞர் கழகத்தில் இந்நாடகத்தைக் கண்ட சட்ட மாணவர் ஜான் மானிங்ஹாம் தம் நாட்குறிப்பில் நல்ல சூழ்ச்சி என்று பாராட்டியதும் இந்தக் கடிதத்தைத்தான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் களங்கள் நான்கனுள் எள்ளலையே முதலில் வைக்கிறது. ஒருவரின் ஆசையையே இரையாக்கி, அவர் தாமாக வந்து விழுமாறு செய்து, பிறர் எள்ளி நகைக்கும் இச்செயலுக்கு "எள்ளற்பொறி" என்ற சொல்லை முன்மொழிகிறேன். விழுந்தவரைப் "பொறிப்பட்டவர்" எனலாம். வைத்தவரைப் "பொறியாளர்" என்றால் வேறு தொழிலாகிவிடும். "பொறிவைத்தோர்" என்று பன்மையிலேயே கொள்ளலாம், ஏனெனில் இந்நாடகத்தில் அவர்கள் ஒருவரல்லர்.