டிஸ்கோ இரவுக்கு ஒரு டர்ன்டேபிள் கிடைக்குமா?

வணக்கம் உறவுகளே, அடுத்த மாதம் வெள்ளவத்தையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு டிஸ்கோ இரவு வைக்கிறோம், 1970இல் நியூயோர்க்கில் தன் வீட்டையே நடனக் களமாக்கிய டேவிட் மன்குசோ, பரடைஸ் கராஜ் நடன விடுதியின் லாரி லெவன், சிகாகோ வேர்ஹவுஸ் விடுதியின் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற மூன்று டிஜேக்களையும் கொண்டாட. முழுக்க இசைத்தட்டில்தான் போட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆனால் இசைத்தட்டு ஓட்டும் இரண்டு டர்ன்டேபிளில் ஒன்றுக்கு, தட்டைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்துவிட்டது, நல்ல பாட்டின் நடுவே குரல் இழுபட்டுத் தடித்துப்போகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் ஆடுபவர்களின் கால் தடுக்காமல் அடுத்த பாட்டுக்குப் போக முடியாது. டெக்னிக்ஸ் 1200 மாதிரி பெல்ட் இல்லாதது யாரிடமாவது இருந்தால் ஒரு இரவுக்கு இரவல் தருவீர்களா? வாடகை என்றாலும் சரி. அப்புறம், புறக்கோட்டைப் பக்கம் பெல்ட் மாற்றித் தருபவர்களைத் தெரிந்தாலும் உள்பெட்டியில் சொல்லுங்கள்.