ஆரி ப்ளவுஸில் பூனை முடி: தையலுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, வழி சொல்லுங்கள்

வைகை_ஆரி

வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தே ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் பூத்தையல்) செய்து கொடுக்கிறேன். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸ் ஃபிரேமில் ஏறியிருக்கிறது. அரக்கு நிறப் பட்டு, முதுகில் ஜரி மயில், கை முழுக்கச் செயின் ஸ்டிட்ச் கொடி. வீட்டில் செல்லப்பா என்று ஒரு வெள்ளைப் பெர்ஷியன் பூனையும் இருக்கிறது. மீதியை ஊகித்திருப்பீர்கள்.

துணியின் மேல் கிடக்கும் முடியால் எனக்குத் தொல்லை இல்லை, தட்டினால் போய்விடுகிறது. தையலுக்குள் புகுந்துகொள்ளும் முடிதான் உயிரை வாங்குகிறது. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் கொடியின் ஓரமெங்கும் வெள்ளை நுனிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இழுத்தால் கண்ணி தளர்ந்துவிடுகிறது.

இரவில் ஃபிரேமின் மேல் பழைய வேட்டியைப் போர்த்துகிறேன். தினமும் சீவிவிடுகிறேன். ஒட்டும் உருளை ஒன்று வாங்கி உருட்டினேன். முடியோடு சமிக்கியையும் பிடுங்கிக்கொண்டு வந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். தனி அறை கிடையாது. ஒரே ஹால், ஃபிரேம், டிவி, மாமனார், செல்லப்பா எல்லாம் அதற்குள்தான். ஆகவே கதவைச் சாத்தச் சொல்லாதீர்கள், வேறு எதுவானாலும் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல். கல்யாணப் பெண்ணின் தங்கைக்குப் பூனை ஒவ்வாமையாம். அளவு கொடுக்க வந்த இடத்திலேயே அடுக்குத் தும்மல். அவளுடைய ப்ளவுஸும் என்னிடம்தான் வரவிருக்கிறது.

பாலாஜி_72

முகூர்த்தம் முடியும் வரை பூனையை உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். ஒரு வரியில் தீர்ந்தது.

வைகை_ஆரி

கேட்டுப் பார்த்தாயிற்று அண்ணா. மாமனாரை வேண்டுமானால் அனுப்பு, பூனை வேண்டாம் என்கிறார்கள்.

குடந்தை_டீச்சர்

வைகை, மூன்று விஷயம் தெரிய வேண்டும். முடி கண்ணிக்கு மேலே படிந்திருக்கிறதா, நூலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறதா? தைக்கும்போது நூல்கண்டை எங்கே வைக்கிறாய்? பூனை பகலில் எங்கே தூங்குகிறது?

வைகை_ஆரி

நூலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது டீச்சர். நூல்கண்டு என் மடியில் இருக்கும். உருண்டுபோனால் கீழே ஜமுக்காளத்தில் கிடக்கும். செல்லப்பா தூங்குவது ஃபிரேமுக்கு அடியில். அங்கேதான் அவனுக்கு வெளிச்சம் கண்ணில் படாது, என் காலும் பக்கத்தில் இருக்கும்.

குடந்தை_டீச்சர்

அப்படியானால் மேலே வேட்டி போர்த்தி என்ன பயன்? முடி மேலிருந்து விழவில்லை, கீழிருந்து ஏறுகிறது.

சாதாரணக் கைத்தையலில் ஊசி நூலை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் போய்வரும். ஆரியில் நூல் துணிக்கு அடியிலேயே ஓடுகிறது. இடக்கை கீழே நூலைப் பிடித்துக் கொடுக்கிறது, மேலிருந்து இறங்கும் கொக்கி அதைக் கண்ணி கண்ணியாக மேலே இழுத்துக்கொள்கிறது. கை முழுக்கக் கொடி என்றால் எத்தனை கஜம் நூல் உன் மடியையும் அந்த ஜமுக்காளத்தையும் உரசிக்கொண்டு வருகிறது என்று யோசித்துப் பார். வழியில் கிடக்கும் முடியையெல்லாம் அது பொறுக்கிக்கொண்டு வருகிறது. கொக்கிக்கு நூல் எது, முடி எது என்று தெரியாது.

சந்தேகமிருந்தால் இப்போதே பார்த்துவிடலாம். ஃபிரேமுக்கு அடியில் தொங்கும் நூலை ஒரு முழம் இழுத்து, கறுப்புத் துணியின் மேல் வைத்து, இரண்டு விரலுக்கு நடுவே நீவு. விரலில் என்ன வருகிறது என்று சொல்.

வைகை_ஆரி

நீவினேன். சொல்லவே கூசுகிறது டீச்சர். ஒரு முழ நூலில் ஒரு சிட்டிகைப் பஞ்சு திரண்டு வந்தது.

குடந்தை_டீச்சர்

நல்லது, இடம் தெரிந்துவிட்டது. நூல்கண்டை மூடியுள்ள டப்பாவுக்குள் போடு. மூடியில் ஒரு ஓட்டை, அதன் வழியாக மட்டும் நூல் வெளியே வரட்டும். டப்பாவை ஃபிரேமின் காலில் கட்டித் தொங்கவிடு. தரைக்கும் நூலுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் கோரைப் பாய் போடு. ஜமுக்காளம் முடியை இழைக்குள் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு உதறினாலும் விடாது. கோரைப் பாயை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும்.

மடியில் ஒரு பருத்தித் துண்டைப் போட்டுக்கொள். வேலை முடிந்ததும் அதை மடித்து டப்பாவோடு உள்ளே வை. நாற்காலியில் போட்டுவிட்டுப் போனால் அடுத்த நிமிடம் அதில் யார் படுத்திருப்பார் என்று உனக்கே தெரியும். வேட்டியை மேல் பக்கம் மட்டும் போர்த்தினால் போதாது. இரண்டு வேட்டியை மூன்று பக்கம் இணைத்து உறையாகத் தைத்துவிடு, ஃபிரேம் முழுதும் உள்ளே போகட்டும். ஜர்தோசி (உலோகச் சுருள் வேலை) தைக்க நூலுக்கு மெழுகு தேய்ப்பாயானால் அப்போதைக்கு வேண்டிய நீளத்துக்கு மட்டும் தேய். மெழுகு ஏறிய நூல் முடியை விடவே விடாது.

காலையில் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு உடனே உட்காராதே. பெருக்கினால் முடி எழும்பும், மின்விசிறி அதை ஊர்வலம் விடும். முதலில் ஈரத்துணியால் துடை, விசிறியைப் பிறகு போடு.

சேலம்_லதா

எங்கள் வீட்டில் ஃபிரேமின் நான்கு மூலையிலும் அந்துருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிடுவோம். அந்த வாடைக்குப் பூனை கிட்டவே வராது. பட்டுக்கும் பூச்சி அண்டாது.

பூனைவீடு_சென்னை

லதா அக்கா, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பூனைக்கு விஷம். இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், ஈரலையும் கெடுக்கும். பூனை அதை உருட்டி விளையாடிவிட்டுக் காலை நக்கினாலே ஆபத்துதான். கற்பூரமும் அப்படியே. வேப்பெண்ணெய், எலுமிச்சை எண்ணெய் என்று யாராவது அடுத்துத் தொடங்குவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன்: வாசனை எண்ணெய்கள் எதையும் பூனை இருக்கும் இடத்தில் தெளிக்காதீர்கள். பூனையின் ஈரலால் அவற்றை எளிதில் முறித்து வெளியேற்ற முடியாது.

வைகை_ஆரி, துணியில் டிசைனைப் பதிக்கும் ட்ரேசிங்கை நீங்கள் எதில் போடுகிறீர்கள்? மண்ணெண்ணெயில் ஜிங்க் பொடியைக் குழைத்துத் தேய்க்கும் வழக்கமானால், அந்தக் கிண்ணமும் பஞ்சும் துணியும் காய்ந்து முடியும் வரை செல்லப்பா குளியலறையில் இருக்கட்டும். மண்ணெண்ணெய் காலில் பட்டு அதை நக்கினால் வயிறு கெடும், நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

முடியைவிட எனக்குப் பெரிய பயம் நூல். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும். நூலின் ஒரு முனை நாக்கில் ஒட்டிவிட்டால் அதனால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டு மறு முனை குடலுக்குள் போனால், பாவாடை நாடாவை இழுத்தாற்போல் குடல் முழுதும் சுருங்கிக்கொள்ளும். நூல் குடலை அறுத்துவிடும். ஜரி நூல் மினுமினுப்பதால் அதன் மேல் ஆசை இன்னும் அதிகம். சாப்பிடாமல் ஒளிந்துகொள்வது, திரும்பத் திரும்ப வாந்தி, எச்சில் ஒழுகுவது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவோம்; உங்கள் ஊரில் அறுவை சிகிச்சை வசதி எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

வெட்டிய நூல்துண்டு தரையில் விழக் கூடாது. மூடி போட்ட டப்பாவில் உடனுக்குடன் போடுங்கள். ஊசிகளை ஒரு காந்தத்தில் ஒட்டி வைத்தால் எழுந்திருக்கும்போது எண்ணிப் பார்க்க வசதி.

சேலம்_லதா

இது எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி, சாயங்காலமே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன்.

வைகை_ஆரி

மண்ணெண்ணெயும் ஜிங்க் பொடியும்தான் வைத்திருக்கிறேன். இனிமேல் ட்ரேசிங்கை மாடியில் போட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே சிக்கிய முடியை எப்படி எடுப்பது? ஒரு கை முழுதும் தைத்து முடித்துவிட்டேன். பிரிக்க மனம் வரவில்லை.

பொன்னி_எம்ப்ராய்டரி

பிரிக்க வேண்டாம். இருட்டிய பிறகு உட்காருங்கள். டார்ச்சைத் துணிக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்தால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரியும். புருவம் எடுக்கும் இடுக்கியால் நுனியைப் பிடித்து, மேல்நோக்கித் தூக்காமல், துணியோடு படுக்கையாக, கொடி ஓடும் திசையிலேயே மெல்ல இழுங்கள். கண்ணி எழும்பினால் விட்டுவிட்டு மறு நுனியைத் தேடிப் பிடியுங்கள். அதுவும் வராவிட்டால் முனை வளைந்த சின்னக் கத்தரியால் நூலோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். உள்ளே மீதி இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

மணிகளும் சமிக்கியும் வைத்த இடத்தில் ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையால் ஓரமாகத் தள்ளுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வாயில் பழைய ஸ்டாக்கிங் துணியைக் கட்டிக்கொண்டு, துணியில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். முடி வரும், மணி வராது. ஈரக்கையால் தடவி எடுக்கும் வித்தை சோபாவுக்குச் சரி, பட்டில் செய்தால் நீர்க்கறை நின்றுவிடும்.

உமா_தூத்துக்குடி

அந்தத் தங்கையின் ப்ளவுஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ஒவ்வாமை உண்டாவது முடியால் அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் உள்ள ஒரு புரதத்தால். ஃபெல் டி 1 என்பது அதன் பெயர். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் படிகிறது, காய்ந்து தூளாகிக் காற்றில் மிதக்கிறது, துணியில் ஒட்டுகிறது. ஆகவே கடைசி முடி வரை பொறுக்கி எடுத்துவிட்டாலும் அந்தப் பெண் தும்மலாம். பருத்தி என்றால் துவைத்துக் கொடுத்துவிடலாம். ஜரி வேலை செய்த பட்டை எங்கே துவைப்பது?

என் யோசனை: அந்த ஒரு ப்ளவுஸை நீங்கள் எடுக்காதீர்கள். தெரிந்த வேறு ஆரிக்காரரிடம் கைமாற்றி விடுங்கள். வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லி, அவர்களே முடிவு செய்யட்டும் என்றாலும் சரிதான். மறைத்துத் தைத்துக் கொடுத்து, முகூர்த்த மேடையில் அவள் மூச்சுத் திணறி நின்றால் தாங்குவீர்களா?

குடந்தை_டீச்சர்

உமா சொல்வதுதான் சரி. கூலி போனால் போகட்டும்.

பூனைவீடு_சென்னை

சீவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாலில் வைத்துச் சீவாதீர்கள், மாடியில் சீவுங்கள். பெர்ஷியனுக்கு மேல்முடி வாரும் சீப்பு மட்டும் போதாது. உள்முடி எடுக்கும் பல் நீண்ட சீப்பு வேண்டும். கடைசியாக லேசாக நனைத்த ரப்பர் கையுறையால் ஒரு தடவு தடவினால் உதிரத் தயாராக இருப்பது எல்லாம் கையோடு வந்துவிடும். மொட்டையடிக்கச் சொல்லிச் சிலர் வருவார்கள். அடித்தாலும் முடி உதிரத்தான் செய்யும், குட்டையாக உதிரும். குட்டை முடி தையலுக்குள் புகுந்தால் இடுக்கிக்குக்கூட அகப்படாது.

முடி வட்டம் வட்டமாகக் கொட்டித் தோல் செதில் செதிலாகத் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், மனிதர்களுக்கும் தொற்றும். அப்போது சீப்பை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வைகை_ஆரி

எல்லாருக்கும் நன்றி. வட்டம் எதுவும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். ஐஸ்கிரீம் டப்பாவில் நூல்கண்டைப் போட்டு ஃபிரேம் காலில் கட்டித் தைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கையில் முதல் கொடி முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓரிரண்டு முடிக்கு மேல் இல்லை. ஃபிரேமுக்கு அடியில் படுக்க முடியாதபடி பழைய சேலையைக் குறுக்கே கட்டிவிட்டேன். செல்லப்பா அந்தச் சேலையையே தூளியாக்கிக்கொண்டான். அவிழ்த்துவிட்டு, சேலை வந்த அட்டைப்பெட்டியை ஜன்னல் ஓரம் வைத்தேன். இப்போது அதற்குள் இருக்கிறான்.

தங்கை ப்ளவுஸைப் பற்றிப் பெண்ணின் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். சற்று வருத்தம்தான், ஆனால் வேறு இடத்தில் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

புதிதாக ஒரு தொல்லை முளைத்திருக்கிறது. டப்பா மூடியின் ஓட்டையில் உரசிப் பட்டு நூல் பிசிறு எழுகிறது.

குடந்தை_டீச்சர்

பிளாஸ்டிக்கைக் கத்தியால் குத்தினால் விளிம்பு அப்படித்தான் அறுக்கும். ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, ஒரு வழவழப்பான பெரிய மணியை அதில் பொருத்தி, சுற்றிலும் பசை வைத்து ஒட்டிவிடு. நூல் மணியின் துளை வழியாக வரட்டும். கண்ணாடி மணியாகப் பார்த்து எடு. பிளாஸ்டிக் மணியில் வார்ப்பின் வரம்பு இருக்கும். பசை நன்றாகக் காய்ந்த பிறகு நூலைக் கோத்துக்கொள்.